ஆண் ஈக்களுக்கான அலுவலகம்

எங்கள் கொய்யாத் தோப்புக்கும் பழ ஈ ஒழிப்பு அலுவலகத்துக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலிதான் இருக்கிறது. அலுவலகத்து ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் எங்கள் மரத்துக் காயைப் பறித்துவிடலாம், பறித்தும் இருக்கிறார்கள். ஒழிப்பு அலுவலகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் உங்கள் பழத்தில் ஏன் இத்தனை புழு என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான்.

இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள். அத்தனையையும் குழி தோண்டி நட்டவள் என் மனைவி; நான் தண்ணீர்க் குடம் தூக்கினேன். மூன்று வருஷமாகப் பழத்தில் புழு. பழ ஈ பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வீட்டு ஈயைவிட மெலிந்த இடுப்பு, முதுகில் மஞ்சள் கோடு. பெண் ஈ, முற்றின காயில் ஊசியால் குத்துவதுபோல் குத்தி முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரியும். பழுத்த பிறகு ஆசையாகப் பிளந்தால் உள்ளே ஒரு கூட்டுக் குடும்பமே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

எங்களிடம் வாங்கும் பழ வியாபாரி நல்ல மனிதர். அவரே சொல்லிவிட்டார். "இனி ஒரு கூடையில புழு வந்தாலும் என்னால முடியாதுங்க. கடைக்கு வர்றவங்க பழத்தைக் கையில எடுத்ததும் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க."

அன்றைக்கு மனைவி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவளாகவே பேச்சை எடுத்தாள். "இந்த ஒரு பறிப்பு பார்ப்போம். இதுலயும் புழு வந்தா மரத்தை வெட்டிட்டு இடத்தை எங்க அண்ணன்கிட்டயே விட்டுடலாம். அவர் லாரிப் பட்டறை போடறேன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்காரு."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, மரங்களையும் பார்க்கவில்லை. அவள் அண்ணன் அன்று சாயங்காலமே அளவு நாடாவோடு வந்து நின்றார். "மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா ஒரு அளவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, என் மரங்களுக்கு நடுவே எங்கே கிரேன் நிற்கும், எங்கே டயர் அடுக்கலாம் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனார். அப்போது காய் எலுமிச்சை அளவில் இருந்தது. பறிப்புக்கு எட்டு வாரம் பாக்கி.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. ஆண் ஈக்களை மணத்தால் இழுக்கிற ஒரு மருந்து உண்டு. சின்ன மரக்கட்டை ஒன்றை அதில் ஊறவைத்து, கொஞ்சம் விஷமும் சேர்த்து, ஒரு மஞ்சள் டப்பாவுக்குள் வைத்து மரத்தில் தொங்கவிட்டால், ஆண் ஈக்கள் மயங்கிப் போய் வந்து உட்காரும். உட்கார்ந்த இடத்திலேயே சாகும். ஆண் இல்லாவிட்டால் பெண் ஈ வைக்கிற முட்டை பொரியாது. பழம் பிழைத்துவிடும். இந்தக் கட்டையைத் தோப்புக்காரர்களுக்குக் கொடுப்பதுதான் அந்த அலுவலகத்துக்கு இருக்கும் ஒரே வேலை. வேலி தாண்டினால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வாசல் மேஜையில் எழுத்தர் இருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பொறி வேணும் சார். பழமெல்லாம் புழு."

"புழுவுக்கு நாங்க இல்லைங்க. நாங்க ஈ."

"அந்தப் புழுதானே சார் வளர்ந்து ஈ ஆகுது?"

"ஆகட்டுமே. ஆனதும் வாங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. விதிப்புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பொறி கேட்பவர், தன் தோப்பில் பழ ஈ இருப்பதற்கு ஆதாரமாக ஓர் ஈயை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பொறி இல்லாமல் ஈயை எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். "அது விண்ணப்பதாரரோட திறமையைப் பொறுத்ததுங்க" என்றார்.

நானும் மனைவியும் இரண்டு நாள் தோப்புக்குள் கைக்குட்டையும் பாட்டிலுமாக ஓடினோம். ஐம்பது வயதுக்கு மேல் புருஷனும் பெண்டாட்டியும் கைக்குட்டையை வீசிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினால் ஊரார் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். ஒருவழியாக ஒன்று மாட்டியது. பாட்டிலை மூடி, காற்றுக்கு ஓட்டை போட்டு, அதிகாரியின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன்.

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"இது பெண் ஈ ஆச்சே. பின்னாடி ஊசி இருக்கு பாருங்க."

"ஆமா சார். அந்த ஊசியாலதான் காயைக் குத்துது."

"குத்தட்டும். நம்ம திட்டம் ஆண் ஈக்கு மட்டும்தான். பெண் ஈ மேல நடவடிக்கை எடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒருவேளை எதிர்காலத்துல வரலாம்."

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். 'பெண் ஈ ஒன்று, உயிருடன், நல்ல நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி பாட்டிலை வாங்கி உற்றுப் பார்த்தாள். "முட்டை வைக்கிறவ இவ. கேஸு அவன் மேலயா?" என்றாள். பிறகு பாட்டிலுக்குள் இருந்தவளை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் நாலு நாள் ஓடியதில் ஓர் ஆண் ஈ கிடைத்தது. அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். பன்னிரண்டு வருஷ அலுவலக வரலாற்றில், வெறும் கையால் ஆண் ஈ பிடித்துக் கொண்டுவந்து விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த முதல் ஆள் நான்தானாம். மற்ற தோப்புக்காரர்கள் எல்லாம் முதல் மேஜையிலேயே திரும்பிப் போய், கடையில் சொந்தமாக வாங்கிக்கொண்டார்களாம். இந்த விஷயத்தை முன்பே சொல்லியிருந்தால் நானும் கடைக்கே போயிருப்பேன். ஆனால் எழுந்து நின்று கை கொடுத்துவிட்ட மனிதரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அடுத்த வாரம் லாரி வந்தது. நாற்பது பெட்டிகளில் ஐயாயிரம் கட்டைகள், ஒவ்வொன்றும் காற்றுப் புகாத வெள்ளி உறையில். தகுதியான விண்ணப்பதாரர் நான் ஒருவன். எனக்கு உரியது பன்னிரண்டு கட்டை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"இருங்க, இருங்க. ஆணையர் வந்து திட்டத்தைத் தொடங்கி வைக்கணும்" என்றார் அதிகாரி. "அதுக்கு முன்னாடி சரக்கு சரியா வந்திருக்கான்னு நாங்க பார்க்கணும்."

சரக்குச் சரிபார்ப்பு என்றால் பெட்டியை எண்ணுவார்கள் என்று நினைத்தேன். அதிகாரி அப்படி மேலோட்டமாக வேலை பார்க்கிறவர் இல்லை. உறைக்குள் கட்டை இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஐயாயிரம் உறையையும் பிரிக்கச் சொன்னார். மொத்த அலுவலகமும் மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தது. ஒவ்வொரு கட்டையையும் வெறும் கையால் எடுத்து, மையால் நம்பர் போட்டு, அலமாரிகளில் அடுக்கினார்கள். அலமாரி நிறைந்ததும் மேஜைமேல், மேஜை நிறைந்ததும் ஜன்னல் விளிம்பில். அதிகாரி ஒவ்வொரு மேஜையாகப் போய் ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்து, அதே கைக்குட்டையால் நெற்றியையும் துடைத்துக்கொண்டார்.

உறையின் பின்பக்கம் 'மரத்தில் தொங்கவிடும் நேரம் வரை பிரிக்க வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எழுத்தரிடம் காட்டினேன்.

"படிச்சேங்க. அது மரத்துல தொங்கவிடறவங்களுக்குச் சொன்னது. நாங்க எங்க தொங்கவிடப் போறோம்?"

நாலாம் நாள் காலையில் முதல் ஈ வந்தது. பத்து மணிக்கு நூறு. மதியத்துக்குள் ஜன்னல் கண்ணாடி தெரியவில்லை. வட்டாரத்தில் உள்ள அத்தனை ஆண் ஈக்களும் குடும்பப் பொறுப்பை உதறிவிட்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. கட்டைமேல் உட்கார்ந்தவை செத்தன. ஊழியர்கள்மேல் உட்கார்ந்தவை உயிரோடு அங்கேயே தங்கின. எழுத்தரின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் கறுப்பாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் ஈக்கள் எழும்பி, முடிந்ததும் திரும்ப உட்கார்ந்தன. அதிகாரியின் நெற்றியில் எப்போதும் ஒரு பதினைந்து இருபது இருக்கும். அவர் யோசிக்கும்போது புருவத்தைச் சுருக்கினால் அவை வரிசை மாறும்.

மாடிப்படியைப் பெருக்குகிற அக்காவுக்குத்தான் பாடு. காலையில் வந்ததும் ஒரு வாளி, போகும்போது ஒரு வாளி. "வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து இந்த ஆபீஸ்ல குப்பையே விழாதுங்க. யாராவது ஏதாவது செஞ்சாதானே விழும்? இப்ப பாருங்க" என்று என்னிடம் வேலிக்கு அப்பால் நின்று அங்கலாய்த்தார்.

ஐந்தாம் நாள் எனக்கு நோட்டீஸ் வந்தது. என் தோப்பைச் சேர்ந்த ஈக்கள் முன் அனுமதி பெறாமல் அலுவலக வளாகத்துக்குள் நுழைந்து பணிக்கு இடையூறு செய்வதாகவும், ஏழு நாட்களுக்குள் நான் அவற்றைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருந்தது. 'தவறினால்' என்று எழுதிவிட்டு, என்ன செய்வது என்று தோன்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் போய் நின்று, ஊழியர்கள் பார்க்க, "வாங்கப்பா" என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு வந்தேன். கூப்பிட்டதாகக் கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் போயிற்று. வேலியோரம் இருக்கும் பத்துப் பன்னிரண்டு மரங்கள் எப்போதும் மற்றவற்றுக்கு முந்திப் பழுக்கும். ஒரு நாள் காலையில் மனைவி கத்தியும் கூடையுமாகப் போனாள். வெகுநேரமாகத் திரும்பவில்லை என்று நான் தேடிப் போனேன். ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முப்பது நாற்பது பழம், எல்லாம் இரண்டாகப் பிளந்தவை. உள்ளே வெறும் சதையும் விதையும்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுலகூட இல்லைங்க" என்றாள். "நானும் பிளந்துட்டே இருக்கேன். ஒண்ணுலகூட இல்லை."

பக்கத்தில் உட்கார்ந்து கூடையில் பிளக்காமல் கிடந்த ஒன்றை எடுத்துத் தின்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் பழத்தை உள்ளே பார்க்காமல் கடித்தது அப்போதுதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அலுவலகச் சுவரெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது.

"என்னங்க, உங்களுக்குப் புரியுதா? பொறின்னா என்ன? ஒரு டப்பா, உள்ள போக ஒரு ஓட்டை, நடுவுல கட்டை. அங்க பாருங்க. நாலு சுவர், ஜன்னல், நடுவுல ஐயாயிரம் கட்டை. நமக்கு இவ்வளவு பெரிய பொறியை மாட்டி வெச்சிருக்காங்க. பாவம், அவங்களுக்கே தெரியாது."

"அப்போ எனக்குப் பன்னிரண்டு கட்டை வேண்டாமா?"

"நமக்கு மட்டும் இல்லை. யாருக்குமே எதுவும் கொடுத்துடக் கூடாது. பறிப்பு முடியற வரைக்கும் அந்த ஆபீஸ் இப்படியே சும்மா இருந்தா போதும். நம்ம மரம் பிழைச்சிடும்."

இதைவிடச் சுலபமான வேண்டுதல் உலகத்தில் இருக்க முடியாது என்று இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மறுநாள் வரைக்கும்தான் தாங்கியது.

மறுநாள் அதிகாரியே வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். நான் அவரை வெயிலில் பார்த்தது அதுவே முதல் தடவை. "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. தொடக்க விழாவை வர்ற புதன்கிழமைக்கு மாத்திட்டோம். ஆணையர் ஒத்துக்கிட்டார். உங்க பன்னிரண்டையும் வாங்கிட்டுப் போயிடுங்க. மிச்சம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டும் உபரின்னு எழுதியாச்சு. அன்னிக்கே லாரியில தலைமை அலுவலகத்துக்குப் போயிடும்."

பறிப்புக்கு இன்னும் நாலு வாரம். வட்டாரத்து ஆண் ஈ முழுவதையும் என் வேலியோரம் வரவழைத்துவிட்டுக் கட்டைகளை லாரியில் ஏற்றினால், பன்னிரண்டு கட்டையை வைத்துக்கொண்டு நான் யாரைச் சமாளிப்பேன்? எனக்கு வேண்டாம் என்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால், பயனாளியே இல்லை என்று எல்லாவற்றையும் நாளைக்கே அனுப்பிவிடுவார்கள். வாங்கினாலும் ஆபத்து, வாங்காவிட்டாலும் ஆபத்து. பன்னிரண்டு வருஷம் ஒன்றுமே செய்யாமல் இருந்த அலுவலகம், ஒன்றும் செய்யக் கூடாது என்று நான் நினைத்த மறுநாளே சுறுசுறுப்பாகிவிட்டது. ஈ அரித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

மனைவி மட்டும் பதறவில்லை. "சந்தேகம் கேளுங்க" என்றாள். "வாயால கேட்காதீங்க. எழுதிக் கேளுங்க."

எழுதினேன். 'பொறியைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்று கையேட்டில் உள்ளது. என் தோப்பு சரிவான நிலம். மரத்துக்கு மேல்பக்கத்துத் தரையா, கீழ்ப்பக்கத்துத் தரையா என்று தெளிவுபடுத்தும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.'

அதிகாரி படித்தார். "அட, எங்கயாவது மாட்டுங்க. நீங்க வாங்கிட்டுப் போனா போதும்" என்றார், மூக்கின்மேல் இருந்ததைத் தட்டிவிட்டபடியே.

"எழுத்துல கொடுத்திருக்கேன் சார்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. திரும்பவும் படித்தார். எழுத்து வடிவில் வந்துவிட்ட சந்தேகத்துக்கு எழுத்து வடிவில் பதில் போகாமல் விழா நடத்த முடியாது. அவருடைய முகத்தில், ரொம்ப நாள் ஊரைவிட்டுப் போயிருந்தவன் தன் வீட்டு வாசலைப் பார்த்ததுபோல் ஓர் அமைதி வந்தது. எழுத்தரைக் கூப்பிட்டு, "ஒரு குழு போடணுமே" என்றார்.

உயரக் குழு மூன்று பேரோடு வந்தது. அவர்களிடம் அளவு நாடா இல்லை. என் மைத்துனரிடம் கடன் வாங்கிக் கொடுத்தேன். சரிவில் ஏறினார்கள், இறங்கினார்கள். ஐந்தடி என்பது ஈயின் பார்வையிலா மனிதனின் பார்வையிலா என்று குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்து, ஒருவர் தனி அறிக்கை எழுதினார். இரண்டு தரையின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாகும்போது பதினைந்து நாள் கழிந்திருந்தது. அதற்குள் நான் டப்பாவின் மஞ்சள் நிறம் எந்த அளவு மஞ்சளாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதற்கு ஆறு நாள்.

எழுத்தருக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். "நீங்க பொறி வேணும்னுதானே வந்தீங்க?"

"ஆமா சார்."

"இப்ப வேணாமா?"

"வேணும் சார். ஆனா முறைப்படி வேணும்."

அவர் எழுந்து, ஈ மொய்த்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஜனங்க நூறு பேர் இருந்தா இந்த ஆபீஸ் எங்கயோ போயிருக்கும்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் பிடித்த கையை நான் மூன்று நாள் கழுவியும் என் பின்னால் இரண்டு ஈ வந்துகொண்டே இருந்தன.

மூன்றாவது சந்தேகம் மனைவியுடையது. அதுதான் அணு குண்டு. 'என் தோப்பில் வளர்ந்த ஈ, அலுவலகத்துக் கட்டையில் உட்கார்ந்து செத்தால், செத்த ஈ யாருக்குச் சொந்தம்?'

அதிகாரி இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். பதில் வருகிறவரைக்கும் செத்த ஈக்களைக் குப்பையில் கொட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். வழக்கு என்று வந்தால் ஈ கேட்பார்கள் அல்லவா? பெருக்குகிற அக்கா வாளி வாளியாக டிரம்மில் கொட்டினார். டிரம்மில் தேதி ஒட்டினார்கள். பதினாலு டிரம் நிறைந்தது.

பறிப்பு நாள் வந்தது. பழ வியாபாரி கூடைகளை இறக்கச் சொல்லிவிட்டு, தன் கையால் ஐம்பது பழத்தைப் பிளந்தார். ஐம்பதாவது பழத்துக்கு அப்புறம் கத்தியைத் துடைத்து மடக்கிப் பைக்குள் போட்டார். "எல்லாத்தையும் ஏத்துங்க" என்றார். "அடுத்த பறிப்பும் எனக்குத்தான், வேற யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்க." மனைவி சரி என்று தலையை ஆட்டினாள். மைத்துனர் இரண்டு பழத்தைச் சட்டையில் துடைத்துத் தின்றுவிட்டு, பட்டறைக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான்.

கடைசிக் கூடை போன மறுநாள் ஆணையர் வந்தார். சட்டப் பிரிவு, செத்த ஈ என்பது சொத்து என்ற வரையறைக்குள் வருமா என்று திருப்பிக் கேட்டிருந்ததால் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஆணையருக்கு அன்றுதான் நேரம் கிடைத்தது. சிவப்பு ரிப்பனை வெட்டினார். புகைப்படத்துக்காக ஒரு கட்டையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தார். புகைப்படக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்று சொல்லச் சொல்ல, அவருடைய மீசை கொஞ்சம் கொஞ்சமாக அடர்த்தியாகிக்கொண்டு வந்தது.

பிறகு டிரம்களைப் பார்த்தார்.

"என்ன இது?"

"ஈங்கய்யா" என்றார் அதிகாரி.

"இவ்வளவா? எந்தத் தோப்புல பிடிச்சீங்க?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஆபீஸ்லயே பிடிச்சதுங்கய்யா. கட்டை எதுவும் இன்னும் வெளிய போகலை."

ஆணையர் ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். வேலை போயிற்று என்று அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். ஆணையர் மேடை ஏறி, எழுதிக்கொண்டு வந்த உரையை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"நான் எத்தனையோ ஆபீஸ் பார்த்திருக்கேன். எல்லாரும் கட்டையைத் தோப்புக்காரங்ககிட்ட கொடுத்தாங்க. கொடுத்து என்ன ஆச்சு? கட்டை தோப்புக்குப் போச்சு. கட்டை பின்னாடியே ஈயும் தோப்புக்குப் போச்சு. அங்க செத்துச்சா, இல்லையா, யார் சாட்சி? இங்க பாருங்க. ஒரு கட்டை வெளிய போகலை, ஒரு ஈ தப்பலை! மக்களுக்குச் சிரமம் கொடுக்காம, மக்களுக்குத் தெரியாம, மக்களுக்கு எதையுமே கொடுக்காம ஒரு மக்கள் திட்டத்தை வெற்றிகரமா நடத்த முடியும்னு இவங்க நிரூபிச்சிருக்காங்க. மக்கள் நடுவுல வரலைன்னா நாம எவ்வளவு நல்லா வேலை செய்வோம்னு எனக்கு எப்பவுமே ஒரு நம்பிக்கை உண்டு. இன்னிக்கு அதைக் கண்ணால பார்த்துட்டேன்."

கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அறை முழுவதும் ஈ எழும்பி உட்கார்ந்தது. நானும் தட்டினேன். என் மனைவி எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினாள். மரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துத் தட்டியிருப்பாள் போல.

அப்புறம்தான் ஆணையர் பரிசை அறிவித்தார். இவ்வளவு சிறப்பாகச் செயல்படுகிற அலுவலகம் ஒரு கொய்யாத் தோப்பின் ஓரத்தில் கிடக்கக் கூடாதாம். நகரத்தின் நடுவில் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அடுத்த மாதமே மாற்றுகிறார்களாம். சுற்றிலும் ஏழு மைலுக்குப் பழமரம் என்று ஒன்று கிடையாது. கட்டை, டிரம், அலமாரி, ஆட்கள் எல்லாம் அங்கே.

மனைவியின் கைதட்டல் பாதியில் நின்றது. தோப்பில் அப்போதுதான் அடுத்த பூ விட்டிருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக ஒரு விண்ணப்பம் எழுதினோம். நான் எழுத, அவள் திருத்த, மூன்று தாள் கிழிந்தது. காலையில் அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நகரத்துக்குப் போகிற சந்தோஷத்திலும், அங்கேயும் இந்த ஐயாயிரத்தோடு குடியிருக்க வேண்டுமே என்ற கவலையிலும் சமமாக இருந்தார். நெற்றியில் இருந்தவை மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டிருந்தன.

வாய்விட்டுப் படித்தார்.

'தங்கள் அலுவலகத்தின் கிளை ஒன்றை எங்கள் தோப்பின் நடுவில் உள்ள பழக் கொட்டகையில் அமைக்கும்படி வேண்டுகிறோம். இடத்துக்கு வாடகை வேண்டாம். கட்டைகள் முழுவதையும் உறை இல்லாமல் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஊழியர்கள் வரலாம், வராமலும் இருக்கலாம். இந்தக் கிளையிடம் பொறியோ, ஆலோசனையோ, பதிலோ, வேறு எந்தச் சேவையோ எக்காலத்திலும் கேட்க மாட்டோம் என்று கணவனும் மனைவியுமாக உறுதி கூறுகிறோம். அலுவலகம் என்று ஒன்று இருந்தால் எங்களுக்குப் போதும்.'

கடைசி இரண்டு வரியை அவர் திரும்ப ஒரு தடவை மனசுக்குள் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குழு எதுவும் போடவில்லை, எழுத்தரைக் கூப்பிடவில்லை, எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. பேனாவை எடுத்து அங்கேயே, அந்த நிமிஷமே, 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இருபத்தாறு வருஷமா வேலை பார்க்கிறேங்க. எங்களால என்ன முடியும்னு சரியாத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வந்து கேட்ட முதல் ஆள் நீங்கதான்."